யமார்

யமார்: ‘அழை, பெயரிடு’ எனப் பொருள்படும் ஸ்பானிய வினை, ‘ஆர்’ ஈற்று வகை. மூலம், கூவுதலைக் குறித்த இலத்தீன் ‘கிளாமாரே’. சொல்முதல் ‘கிள’ ஸ்பானியத்தில் ‘ய’வாகவும் போர்த்துக்கேயத்தில் முன்பு ‘ச’வாகவும் (இன்று ‘ஷ’) திரிந்தது. இத்தாலியில் ‘கிய’ (கியமாரே). திறவுகோலைக் குறிக்கும் கிளாவிஸ் யாவே, சாவே எனப் பிரிந்ததும் இவ்விதியாலேயே. தமிழ்ச் ‘சாவி’யின் சகரம் அது போர்த்துக்கேய வரவு என்பதற்குப் போதிய சான்று. ஸ்பானியத்திலேயே ‘கிளாமார்’ என்ற வினை திரியாமல் நிற்கிறதே எனலாம். அது பிற்காலத்தில் இலத்தீன் ஏட்டுமொழியிலிருந்து எடுக்கப்பட்டது, ஒலித்திரிபின் காலத்தைக் கடந்து வந்தது. பிரெஞ்சோ ‘கிள’வைக் காத்தது, அவ்வழியே ஆங்கிலம் பெற்ற ‘கிளெய்ம்’ என்னும் உறவுச்சொல் டொராண்டோத் தமிழரின் காப்புறுதிப் பேச்சில் வழங்குகிறது. அவர்களுள் யாழ்ப்பாண வழியினர் சாவியைத் ‘திறப்பு’ என்பர். எனினும் ‘அலுமாரி’ என்ற போர்த்துக்கேயச் சொல்லை விடவில்லை.