சீட்டு வாங்காதவருக்கு விழுந்த பரிசு



தமிழகத்தில் பரிசுச்சீட்டு விற்பனை தடை செய்யப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்று மத்ரஸாவில் ஓதும் பிள்ளைகளில் எவரும் லாட்டரிக் கடையைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். ஆயினும், "உங்கள் மின்னஞ்சல் முகவரிக்கு ஐந்து லட்சம் பவுண்டு பரிசு விழுந்துள்ளது" என்ற வகைக் கடிதம் எட்டிப் பாராத குடும்பம் நம்மில் அரிது. சீட்டு வாங்குவது ஹராம் என்று வாழ்நாள் முழுவதும் விலகி நின்ற பேணுதலான மனிதர்களும் அந்தக் கடிதத்தில் சிக்கியிருக்கிறார்கள். இது எப்படி நேர்கிறது என்பதை விளங்கிக்கொள்ள, குலுக்கலின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

அறியாமைக் கால அரபுகள் ஆடிய சூதுக்கு மைசிர் என்று பெயர். ஓர் ஒட்டகத்தைக் கடனுக்கு வாங்கி அறுத்துப் பங்கு வைப்பார்கள். ஒரு பையில் பத்து அம்புகள் இருக்கும். ஏழு அம்புகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை பங்குகள் உண்டு. மூன்று அம்புகள் வெறுமையானவை. வெறும் அம்பு யாருக்கு வந்ததோ அவர்களே ஒட்டகத்தின் விலை முழுவதையும் கொடுக்க வேண்டும். இதில் நாம் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. வென்றவர்கள் அந்த இறைச்சியைத் தாங்கள் உண்ணாமல் ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்து, அதைப் பெருமையாகப் பேசிக்கொள்வார்கள். ஆட்டத்தில் சேராதவனைக் கஞ்சன் என்று இகழ்வார்கள் என இமாம் ஸமக்ஷரீ தம் தஃப்ஸீரில் எழுதுகிறார். அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம், மதுவிலும் சூதிலும் மனிதர்களுக்குச் சில பயன்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. அவற்றின் பாவம் பயனைவிடப் பெரிது என்றே கூறுகிறது. பின்னர் அல்மாயிதாவின் 90ஆம் வசனம் இரண்டையும் முற்றாக விலக்கியது. ஏழைக்கு உணவு கிடைத்தது என்ற காரணம்கூட மைசிரைக் காப்பாற்றவில்லை.

பொதுநன்மை என்ற அதே காரணத்தோடுதான் குலுக்கல் பிற்காலத்தில் அரசுகளின் வாசல் வழியே நுழைந்தது. கல்கத்தாவின் டவுன் ஹால் குலுக்கல் பணத்தில் எழுந்தது. 1817இல் அங்கே லாட்டரிக் குழு ஒன்றே அமைக்கப்பட்டு நகரச் சாலைகள் போடப்பட்டன. அதே கம்பெனி அரசு, தன் அனுமதியில்லாத தனியார் குலுக்கல்களை 1844இல் சட்டமிட்டுத் தடுத்தது. 1870இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 294அ என்னும் பிரிவு சேர்ந்தது. மற்றவர் செய்தால் குற்றம், அரசு செய்தால் வருமானம்!

சுதந்திர இந்தியாவில் முதன்முதலில் அரசு லாட்டரித் துறையைத் தொடங்கிய மாநிலம் கேரளம். ஆண்டு 1967. அதற்கு வழிவகுத்த நிதியமைச்சர் பி.கே. குஞ்ஞு சாஹிப் என்பது நம்மில் பலருக்குத் தெரியாத, தெரிந்தாலும் சொல்லத் தயங்கும் செய்தி. சீட்டின் விலை ஒரு ரூபாய். முதல் பரிசு ஐம்பதாயிரம். முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26 அன்று நடந்தது. அதே ஆண்டு தமிழகத்தில் அண்ணாவின் ஆட்சியும் பரிசுச்சீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்ற வாசகம் மூலைமுடுக்கெல்லாம் பரவிற்று. ஒட்டக இறைச்சியின் நியாயமேதான் அது. சொல்மட்டும் அழகிய தமிழ்.

என் தலைமுறையினருக்குத் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் மயிலாப்பூர்க் குளக்கரையையும் நினைத்தால் அந்தச் சீட்டுக் கடைகளும் நினைவுக்கு வரும். கயிற்றில் வண்ண வண்ணமாகச் சீட்டுகள் தொங்கும். 'நாளை குலுக்கல்' என்று ஒலிபெருக்கி அலறும். மாலையில் பத்திரிகையின் முடிவுப் பக்கத்தைச் சுற்றி நால்வர் குனிந்து நிற்பார்கள். அன்றைய கூலி அங்கேயே தீர்ந்த குடும்பங்கள் எத்தனையோ. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா வகை லாட்டரிகளையும் தடை செய்தது. கடைகள் மறைந்தன. உழைக்காமல் ஒருநாள் வந்து விழும் என்ற எதிர்பார்ப்பு, முப்பத்தைந்து ஆண்டுப் பழக்கம், கடையோடு சேர்ந்து மறையவில்லை.

மின்னஞ்சல் பரிசு என்பது இந்தக் கடைகளின் வாரிசு அன்று. அதன் வம்சம் வேறு. அது மோசடிக் கடிதத்தின் வம்சம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 'ஸ்பானியக் கைதி' என்ற கடிதம் உலவியது. ஸ்பெயின் சிறையில் வாடும் செல்வந்தர் ஒருவர் மறைத்து வைத்த பெரும் பொருளில் பங்கு தருவதாகவும், அவரை மீட்க முன்கூட்டிச் சிறிது பணம் வேண்டும் என்றும் அது கூறும். 1980களில் அதே கதை நைஜீரியாவிலிருந்து தபாலிலும் தொலைநகலிலும் கிளம்பியது. அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தில் ஏமாற்றுக்குரிய பிரிவின் எண்ணே அதற்குப் பெயராகி, '419' என்று உலகெங்கும் வழங்கலாயிற்று. அதற்காக ஒரு நாட்டு மக்கள் அனைவரையும் பழிப்பது முறையன்று. இன்று இத்தகைய அழைப்புகள் ஜார்க்கண்டின் ஜாம்தாராவிலிருந்தும் வருகின்றன.

1995 ஆகஸ்டு 15 அன்று பொதுமக்களுக்கான இணையச் சேவை இந்தியாவில் தொடங்கியபோது, அதைப் பெற்ற நகரங்களில் சென்னையும் ஒன்று. சில ஆண்டுகளில் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் மயிலாப்பூரிலும் பிரவுசிங் சென்டர்கள் பெருகின. வளைகுடாவில் உள்ள மகனுக்கு மடல் அனுப்பச் சென்ற வாப்பாவின் பெட்டியில், தெருவிலிருந்து விரட்டப்பட்ட பரிசு காத்திருந்தது. பிபிசி லாட்டரி, கோகோ-கோலா லாட்டரி, மைக்ரோசாப்ட் லாட்டரி என்று பெயர்கள். அந்த நிறுவனங்களுக்கும் இவற்றுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. பின்னாளில் அதுவே 'கோன் பனேகா குரோர்பதி' பெயரில் 25 லட்சம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது.

இதன் உள்ளமைப்பைக் கவனியுங்கள். அரசுக் குலுக்கல் சீட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு பரிசைப் பற்றி வாக்களிக்காது. இதுவோ பரிசை முதலில் கொடுத்துவிட்டுக் காசைப் பின்னால் கேட்கிறது. கூரியர் கட்டணம், பிறகு சுங்க வரி, பிறகு நாணய மாற்றுக் கட்டணம், பிறகு பயங்கரவாதத் தொடர்பில்லை என்ற சான்றிதழுக்குக் கட்டணம். முதல் தொகை சிறியதாக இருக்கும். அதை இழக்க மனமில்லாமல் அடுத்ததைக் கட்டுவார்கள். கடிதத்தில் பிழைகள் மலிந்திருப்பதைக் கண்டு நாம் சிரிக்கிறோம். கோர்மக் ஹெர்லி என்ற மைக்ரோசாப்ட் ஆய்வாளர் 2012இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்: சந்தேகப்படுகிறவர்கள் தொடக்கத்திலேயே விலகிவிட்டால், நம்பக்கூடியவர்களிடம் மட்டும் நேரத்தைச் செலவிடலாம் அல்லவா?

பேணுதலானவர் விழும் இடம் இங்குதான் இருக்கிறது. "நான் சீட்டு வாங்கவில்லையே, எனவே இது சூது இல்லை, கேட்காமல் வந்ததால் அல்லாஹ் அனுப்பிய ரிஸ்க்" என்று அவர் மனம் ஃபத்வா கொடுத்துவிடுகிறது. சீட்டுக் கடையில் நின்று தடுத்த அதே மார்க்க உணர்வு, இங்கே வாசலைத் திறந்துவிடுகிறது. ஹதீஸ் பாடத்தில் நாம் முதலில் கற்பது இஸ்னாத். யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார் என்பது. இந்தப் பரிசுக்கு அறிவிப்பாளர் வரிசையே இல்லை. பரிசு உண்டு என்று சொல்பவரும், பணம் கேட்பவரும், பணம் வந்தது என்று எழுதுபவரும் ஒருவரே.

ரிசர்வ் வங்கியின் பெயரில் முத்திரையிட்ட கடிதமும் வரும், ஆளுநரின் கையெழுத்தோடுகூட. ரிசர்வ் வங்கி தனிமனிதர் எவருக்கும் கணக்கு வைத்திருப்பதில்லை என்று அவ்வங்கியே பலமுறை அறிவித்துள்ளது. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி, லாட்டரியில் பங்கேற்பதற்காக எந்தப் பெயரிலும் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கூடாது என்று 2010 மே மாதச் சுற்றறிக்கையில் அது வங்கிகளுக்கு நினைவூட்டியது. கட்டணங்களை வசூலிப்பதற்காக உள்நாட்டில் தனிநபர் பெயர்களில் வங்கிக் கணக்குகள் திறக்கப்படுகின்றன என்றும் அதில் எச்சரித்தது. வேலை தேடும் நம் இளைஞர்கள் சில ஆயிரம் ரூபாய்க்குத் தம் கணக்கைப் பிறருக்குக் கொடுப்பது இந்த வலையின் ஒரு கண்ணிதான். வழக்கு வரும்போது கணக்கின் உரிமையாளரைத்தான் முதலில் தேடுவார்கள்.

இதன் இன்னொரு வடிவம் குறிப்பாக நம்மை நோக்கி வருகிறது. ஸலாமுடன் தொடங்கும். வளைகுடா வணிகர் ஒருவரின் விதவை, புற்றுநோயில் இறுதி நாட்களை எண்ணுகிறார்; பிள்ளைகள் இல்லை; தம் செல்வத்தை அநாதை இல்லத்துக்கும் மத்ரஸாவுக்கும் ஸதக்காவாகக் கொடுக்க நாடுகிறார். நான் பணியாற்றும் மத்ரஸாவின் பெட்டிக்கும் இப்படிப்பட்ட மடல்கள் வந்ததுண்டு. கிறிஸ்தவ நிறுவனங்களுக்கு இதே விதவை கிறிஸ்தவராக எழுதுகிறார்! ஜமாஅத் நிர்வாகிகள் இங்கே ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். வெளிநாட்டு நன்கொடை பெற மத்திய அரசின் பதிவோ முன்அனுமதியோ வேண்டும். 2020இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, அத்தொகை முதலில் புதுதில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென உள்ள கணக்கில்தான் வந்து சேர வேண்டும். செயலாளரின் சொந்தக் கணக்கு எண்ணைக் கேட்கும் வள்ளல், எவ்வளவு கண்ணீரோடு எழுதினாலும், நமக்குக் கொடுக்க வந்தவர் அல்லர்.

பணம் போன வீடுகளில் அதை வெளியே சொல்வதில்லை. மஹல்லாவில் தெரிந்தால் பேராசைக்காரர் என்பார்கள், மருமகன் முன்னால் தலை குனிய வேண்டும் என்ற வெட்கம். அந்த மௌனத்தில் ஒருநாள் கழிந்தால் பணம் நான்கு கணக்குகளைத் தாண்டியிருக்கும். 1930 என்ற எண்ணை உடனே அழைத்தால், தொகை இன்னும் எடுக்கப்படாத கணக்கை முடக்க வழியுண்டு. தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். வந்த கடிதத்தையும் பணம் அனுப்பிய ரசீதையும் அவமானம் தாங்காமல் அழித்துவிடுகிறவர்கள் உண்டு. புகாருக்குச் சான்றாகக் கையில் இருப்பவை அவை மட்டுமே.