மணிமங்கலத்தில் தொடங்கும் சென்னை

மணிமங்கலம் என்றதும் வரலாறு படித்தவர்களுக்குப் பல்லவர்கள்தான் ஞாபகம் வருவார்கள். இரண்டாம் புலிகேசியை நரசிம்மவர்மன் வென்ற களங்களில் ஒன்றாகக் கூரம் செப்பேடு இந்த ஊரைச் சொல்கிறது. எனக்கோ அந்தப் போரைவிட அங்கிருக்கும் ஏரி முக்கியம். மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் சேர்ந்துதான் அடையாறு ஆறாகிறது.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ‘ஏரி மாவட்டம்’ என்றே பேர். மேட்டு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் தண்ணீர் செம்பரம்பாக்கத்துக்குப் போவது இப்படித்தான். உத்திரமேரூரின் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று ஒரு குழுவே இருக்கிறது. குடவோலையை ஜனநாயகம் என்று கொண்டாடுகிறோம். அந்த ஓலையில் பெயர் வந்தவர் பார்க்க வேண்டிய வேலைகளில் ஒன்று ஏரி என்பதை மட்டும் விட்டுவிடுகிறோம்.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கியது. பிறகு ஒரகடம். ஏராளமான பேருக்கு வேலை கிடைத்தது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஆறுவழிச் சாலைக்கும் மதில்சுவருக்கும் நடுவில் வரத்துக்கால்வாய் எங்கே என்று இன்று தேடத்தான் வேண்டியிருக்கிறது.

2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். எல்லாரும் அதையே பேசினோம். திறக்கவும் மூடவும் ஆளில்லாமல், கலங்கல் தாண்டித் தானாக வந்த சிற்றேரிகளின் வெள்ளத்தை யாரும் பேசவில்லை. முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. நாலே வருஷத்தில், 2019 கோடையில், அதே செம்பரம்பாக்கம் வெடித்த மண்ணாகக் கிடந்தது.

2023-ல் சென்னைக்கான காலநிலைச் செயல்திட்டம் வந்தது. 2050-க்குள் கார்பன் சமநிலை என்பது இலக்கு. நல்ல விஷயம்தான். ஆனால் அது 426 சதுர கிலோமீட்டர் மாநகராட்சிக்கான திட்டம். தண்ணீர் அந்த எல்லைக்கு வெளியே கிளம்பி வருகிறது. படப்பை பக்கம் ஒரத்தூர், ஆரம்பாக்கம் ஏரிகளை இணைத்து நீர்த்தேக்கம் கட்டக் கிளம்பினார்களே, என்னைக் கேட்டால் துறைமுக நகரத்துக்கான காலநிலை வேலை அதுதான். கடலிலிருந்து வெகுதூரத்தில், ஏரிக்கரையில் நடக்கிற வேலை.

பழைய வாரியத்தை அப்படியே திருப்பிக் கொண்டுவர முடியாது. அதில் எல்லாருக்கும் இடமும் இருக்கவில்லை. ஆனால் ஒரகடத்து ஏரி நிரம்பினால் சைதாப்பேட்டையில் யார் வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்று கணக்குப் பார்க்க, இரண்டு ஊர் ஆட்களும் உட்கார்ந்து பேசுகிற ஒரு சபை இன்றைக்கும் வேண்டும்.