புகைக்குழாயும் பாலாறும்

பெட்ரோல் வண்டியின் புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்னும் வினையூக்கிக் கலனைத் திறந்து, உள்ளிருக்கும் தேன்கூட்டைத் தட்டி எடுத்துவிட்டால் வண்டி பறக்கும் என்ற நம்பிக்கை பட்டறைகளில் நெடுநாளாக உலவி வருகிறது. மூக்கை அடைத்துக்கொண்டு ஓடுபவனுக்கு மூச்சு எப்படி வரும் என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத் தோல் ஆலைகளின் கழிவுநீர் விஷயத்திலும் ஏறக்குறைய இதே நியாயம்தான் பேசப்பட்டது. சுத்திகரிப்பு என்பது தொழிலின் கழுத்தில் கட்டிய கல் என்றார்கள். இவ்விரண்டு வரலாறுகளையும் சேர்த்து வாசிக்கும்போது, தனித்தனியே புலப்படாத ஒன்று நமக்குப் புலப்படுகிறது.

முதலில் கலனின் கதை. பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பொறியாளர் யூஜீன் ஹூட்ரி 1950களில் இதற்கு வடிவம் கொடுத்தார். ஆனால் அன்றைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. பிளாட்டினப் பூச்சின் மீது ஈயம் படிந்தால் வினையூக்கி செத்துவிடும். ஆகவே ஈயமற்ற பெட்ரோல் வரும்வரை கலன் காத்திருக்க நேர்ந்தது; அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு மாடல் கார்களில்தான் அது பரவலாயிற்று. இந்தியாவில் 1995 ஏப்ரல் 1 முதல் நான்கு பெருநகரங்களில் விற்கப்படும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் என்ற நிலையோ 2000 பிப்ரவரியில்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் சென்னையில் வாங்கிய கார் வெளியூரில் ஈயப் பெட்ரோலை நிரப்பிக்கொண்டால், யாரும் எதையும் பிடுங்காமலேயே கலன் வெறும் தகர டப்பாவாகிவிடும்.

தேன்கூட்டை எடுத்தால் வண்டியின் வலு கூடுமா? தொடக்ககாலத்தில் குண்டுமணி போன்ற உருண்டைகளால் நிரப்பப்பட்ட கலன்கள் புகையை உண்மையிலேயே தடுத்தன. அந்தக் காலத்துக்கு அந்தப் புகார் பொருந்தும். பின்னர் வந்த பீங்கான் தேன்கூட்டின் கண்ணறைச் சுவர்கள் மிக மெல்லியவை. புகை பெரும்பாலும் தடையின்றிச் செல்லும். அதை எடுப்பதால் உச்ச வேகத்தில் கிடைப்பது அற்பம்; ஊருக்குள் ஓட்டும்போது உணரக்கூட முடியாது. கூடுவதாகத் தோன்றுவது பெரும்பாலும் சத்தம்தான். உருகி அடைத்துப்போன கலனை எடுத்தால் வண்டிக்கு உயிர் வருவது மெய்யே. ஆனால் அது நோயாளியோடு ஒப்பிட்டுக் கண்ட பலம். புதுக் கலனைப் பொருத்தினாலும் அதே பலம் வரும். அது உருகியதற்குக் காரணமான கோளாறு, பொறி தவறும் பிளக்கோ எரியும் எண்ணெயோ, எஞ்சினுக்குள் அப்படியே இருக்கும். எடுத்த தேன்கூட்டில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதும் அவற்றுக்கு நல்ல விலை கிடைப்பதும் இந்த நம்பிக்கையின் ஆயுளை நீட்டித்திருக்கக்கூடும் என்பது எங்கள் ஐயம்.

இதைவிட முக்கியமானது வேறொன்று. மூன்று நச்சுகளை ஒருசேர மாற்றும் கலன் வேலை செய்ய வேண்டுமானால், ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதம் பிசகக் கூடாது. கார்புரேட்டரால் அந்தத் துல்லியத்தைத் தர இயலவில்லை. எனவே புகைக்குழாயில் ஆக்சிஜன் உணர்கருவியை வைத்து, அது சொல்லும் கணக்குப்படி பெட்ரோலைத் தெளிக்கும் முறை 1970களின் பிற்பகுதியில் வால்வோ கார்களில் வந்தது. இந்தியச் சாலைகளுக்கு அது 2000ஐ ஒட்டிப் பரவலாக வந்தது. விடிகாலையில் சோக்கை இழுத்துத் திணறாமல் வண்டி கிளம்புவதும் பெட்ரோல் வீணாகாததும் இதன் பலன்கள். அதாவது வலுவைத் திருடுவதாகக் குற்றம் சாட்டப்பட்ட கலனை முன்னிட்டே எஞ்சின் ஒழுங்குக்கு வந்தது. தேன்கூட்டைப் பிடுங்கியவரும் அது சம்பாதித்துக் கொடுத்த எஞ்சினில்தான் பயணம் செய்கிறார்.

இனிப் பாலாற்றங்கரை. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட இந்நிலப்பகுதி, பதப்படுத்தாத தோல் ஏற்றுமதிக்கு 1970களில் தடை வந்தபின் குரோமியத்துக்கு வேகமாக மாறியது. தொட்டியில் இடும் குரோமியத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை தோலில் ஏறாமல் கழிவோடு போய்விடும். புகையில் வரும் எரியாத பெட்ரோலுக்கு இது உடன்பிறப்பு; இரண்டும் காசு கொடுத்து வாங்கிய சரக்கு. (மயிர் நீக்கும் சல்பைடுத் தொட்டியின் அழுகிய முட்டை நாற்றத்தை, கந்தகம் மிகுந்த பெட்ரோல் ஊற்றிய வண்டியின் கன்வெர்ட்டரிலும் முகரலாம். வேதியியலுக்கு ஊர் வித்தியாசம் இல்லை.)

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மன்றத்துக்காக வாதாடிய எம்.சி. மேத்தாதான் தில்லி வாகனப் புகை வழக்கையும் தொடுத்தவர். ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதை நீதிபதி குல்தீப் சிங் அமர்வு பதிவு செய்தது. ஆலைக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்பதை நாட்டின் சட்டமாக அறிவித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டாயமாயின. கழிவிலிருந்து குரோமியத்தை மக்னீசியம் ஆக்சைடால் வீழ்படிவாக்கி, கந்தக அமிலத்தில் கரைத்து மீண்டும் தொட்டிக்கே அனுப்பும் அலகுகளும் வந்தன. எஞ்சினை ஒழுங்குபடுத்தியதற்கு நிகரான காரியம் இது.

ஆனால் குழாயின் முனையில் பிடித்துவைத்த நஞ்சை என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நின்றது. 2015 ஜனவரி 31 விடியற்காலையில், ராணிப்பேட்டை சிப்காட்டின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது சேறு பாய்ந்து 10 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2025 ஜனவரி 30 அன்று, வேலூர் மாவட்டச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழுவின் வழக்கில், பாக்கி நின்ற இழப்பீட்டைக் கொடுத்து முடிக்குமாறும் அதை ஆலைகளிடமிருந்து வசூலிக்குமாறும் உச்ச நீதிமன்றம் அரசுக்கு மறுபடி உத்தரவிட நேர்ந்தது. முதல் தீர்ப்புக்கும் அதற்கும் இடையே 28 ஆண்டுகள் கடந்திருந்தன.