சொல் இல்லாத ராஜாங்கம்

1973-ல் இங்கிலாந்தில் மைக் ஓல்ட்ஃபீல்ட் என்ற இளைஞர் 'டியூபுலர் பெல்ஸ்' இசைத்தட்டை வெளியிட்டார். கிட்டார், பியானோ, மணிகள் என்று பெரும்பாலான வாத்தியங்களைத் தாமே வாசித்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்தார். உலகமே வியந்தது.

நம்மவரில் இதற்கு இணை தேடினால், 1986-ல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' தாங்க நினைவுக்கு வருகிறது. இதிலும் பாடல் வரி கிடையாது. எல்லா வாத்தியத்தையும் அவரே வாசிக்கவில்லை. முதன்மை வயலின் வி.எஸ். நரசிம்மனுடையது. ஆனால் ஒவ்வொருவர் வாசிக்க வேண்டியதையும் எழுதியவர் ராஜா. அங்கே ஒருவர் கை. இங்கே ஒருவர் எழுத்து.

தியாகராஜருக்கும் ஜெர்மானியரான பாக்குக்கும் அர்ப்பணித்த தொகுப்பு இது. ஒரு மெட்டை ஒரு குரல் தொடங்க, அடுத்த குரல் அதையே பிந்தி எடுத்துத் துரத்தும் 'ஃபியூக்' முறையில், நம் ராகம் நடைபோடுவதை இதில் கேட்கலாம்.

இந்த எழுத்துப் பயிற்சிக்குச் சென்னையில் மேற்கத்திய இசை கற்பித்த தன்ராஜ் மாஸ்டர் ஒரு காரணம். நம்ம கர்நாடகத்துக்கும் பங்கு உண்டு. 'அன்னக்கிளி'க்கு (1976) முன், 'பங்காரத மனுஷ்ய' (1972) படத்துக்கு இசையமைத்த ஜி.கே. வெங்கடேஷிடம் ராஜா உதவியாளராக இருந்தார். பல கன்னடப் படங்களுக்கு உழைத்தார்.

பெங்களூரில் வளரும் நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டவே தடுமாற்றம். இந்த இசைக்கு எழுத்து வேண்டாம். கேட்டால் தமிழ் வந்துவிடாதுதான். ஆனால் "இது யாருப்பா போட்டது?" என்று பிள்ளை கேட்கும். பதிலைத் தமிழிலேயே சொல்லுங்க.