கட்சிரோலி ஆய்வு தில்லி போய்ச் சேர்ந்த கதை

மாட்டுங்காவிலும் தாராவியிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் நம்மவர்களில் கட்சிரோலியை நேரில் பார்த்தவர்கள் மிகக் குறைவு. நாக்பூருக்குத் தென்கிழக்கே காடடர்ந்த மாவட்டம் அது; 1982-இல் சந்திரபூரிலிருந்து பிரிக்கப்பட்டது. பத்திரிகையில் அந்தப் பெயர் வந்தால் நக்சலைட் செய்தி என்றுதான் நினைப்போம். ஆனால் இன்று நாடெங்கும் பிள்ளை பிறந்த வீட்டுக்கு ஆஷா பணியாளர் தேடி வந்து குழந்தையை எடை போட்டுப் பார்க்கிறாரே, அந்த ஏற்பாட்டின் வேர் அங்கேதான் இருக்கிறது.

டாக்டர் அபய் பாங், அவர் மனைவி டாக்டர் ராணி பாங் இருவரும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் படித்துவிட்டு, எண்பதுகளின் நடுவில் கட்சிரோலிக்கு வந்து 'சர்ச்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். முதலில் கையில் எடுத்தது குழந்தைகளின் நிமோனியா. கிராமத்து மருத்துவச்சிகளுக்கே நோயைக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். மூச்சு வேகமாக இருக்கிறதா என்று ஒரு நிமிடம் எண்ண வேண்டும். ஆனால் ஐம்பது, அறுபது என்று எண்ணிப் பழக்கமில்லாத பெண்கள், என்ன செய்வது? மணற்கடிகாரம் ஒன்றும் கோத்த மணிகளும் வைத்து ஒரு சின்னக் கருவி செய்தார்கள். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும்; மணல் தீருவதற்குள் சிவப்பு மணி நகர்ந்துவிட்டால் மருந்து கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். குழந்தை இறப்பு குறைந்த கணக்கு 1990-இல் 'லான்செட்' இதழில் வெளியானது.

அடுத்தது பிறந்து 28 நாளுக்குள் இறக்கும் சிசுக்கள். 39 கிராமங்களில் ஊருக்கு ஒரு பெண்ணைப் பழக்கி வீடு வீடாக அனுப்பினார்கள். பக்கத்து 47 கிராமங்களை ஒப்பீட்டுக்காக வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்கள் சிசுவை எடை போட்டார்கள், குளிர் தாக்காமல் போர்த்தி வைக்கச் செய்தார்கள், மூச்சு விடாத சிசுவுக்கு மூச்சு வரவழைத்தார்கள். கிருமித்தொற்று என்று கண்டால் ஜென்டாமைசின் ஊசியும் போட்டார்கள். தொடக்கத்தில் ஆயிரம் பிறப்புக்கு 62 சிசுக்கள் இறந்த இடத்தில், மூன்றாம் ஆண்டில் 25 ஆனது. ஒப்பீட்டுக் கிராமங்களில் எண்ணிக்கை ஏறக்குறைய இருந்தபடியே இருந்தது. 1999 டிசம்பரில் இதுவும் லான்செட்டில் வந்தது.

வந்தது சரி, படிக்க வேண்டியவர்கள் படித்தார்களா? உலகம் பாராட்டியதும் மந்திராலயத்துக் கோப்பு நகர்ந்துவிடும் என்று நினைத்தால் அது வெகுளித்தனம். கிராமத்துப் பெண் பச்சைக் குழந்தைக்கு ஊசி போடுவதா என்ற ஆட்சேபம் மருத்துவ வட்டாரத்திலேயே பலமாக எழுந்தது. அதைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. அரசுப் பதிவேட்டின்படி மாநிலத்தில் அவ்வளவு குழந்தைகள் சாகவே இல்லை! இல்லாத வியாதிக்கு யார் மருந்து தேடுவார்கள்?

இங்கேதான் பாங் தம்பதியின் சாமர்த்தியம் தெரிகிறது. மகாராஷ்டிரத்தின் பல பகுதிகளில் வேலை செய்த தொண்டு நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டு, கிராமங்களிலும் குடிசைப் பகுதிகளிலும் பிறப்பு இறப்புகளைத் தாங்களே எண்ணினார்கள். 2001-இல் வெளியிட்ட அறிக்கைக்கு ஆங்கிலத் தலைப்பு வைக்கவில்லை. 'கோவளி பானகள்' என்று மராத்தியில் பெயர் வைத்தார்கள். இளந்தளிர் உதிர்வு என்று நாம் சொல்லலாம். அரசு எண்ணியதைப் போலப் பல மடங்கு குழந்தைகள் இறக்கின்றன என்றது அறிக்கை. மராத்தி நாளேடுகள் பிடித்துக்கொண்டன. சட்டமன்றம் வரை சத்தம் கேட்டது. பிறகு அரசே குழந்தை இறப்பு மதிப்பீட்டுக் குழு ஒன்றை அமைத்து, அபய் பாங்கையே தலைவராக்கியது. குறை சொன்னவரையே கூப்பிட்டுக் கணக்குப் பார்க்கச் சொன்னது பெரிய விஷயம்தான் என்பேன். லான்செட் கட்டுரை செய்யாததை ஒரு மராத்திப் புத்தகம் செய்தது.

தில்லிக்குப் போன வழி வேறு. ஒரு மாவட்டத்தில் நடந்தது மற்ற இடத்திலும் நடக்குமா என்ற நியாயமான கேள்விக்கு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வேறு மாநிலங்களில் இதைச் சோதித்துப் பார்த்தது. 2005-இல் தேசிய ஊரகச் சுகாதார இயக்கம் தொடங்கி ஆஷாக்கள் வந்ததும், வேலைக்கு ஆளும் கிடைத்தது. அவர்களுடைய 6, 7-ஆம் பயிற்சி நூல்கள் கட்சிரோலிப் பாடத்தை ஒட்டியே எழுதப்பட்டன. 2011-இல் மத்திய அரசு நெறிமுறை வெளியிட்டது: ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்கு 42 நாளுக்குள் ஆறு முறை, வீட்டில் பிறந்தால் ஏழு முறை ஆஷா போய்ப் பார்க்க வேண்டும், எல்லாம் முடித்தால் அவருக்கு 250 ரூபாய். லான்செட் கட்டுரைக்கும் இதற்கும் நடுவே பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது.

அப்படியும் முழுசாகப் போய்ச் சேரவில்லை. கட்சிரோலியில் உயிர் காத்ததில் பெரும் பங்கு வகித்த அந்த ஊசியை ஆஷா கையில் கொடுக்க அரசு துணியவில்லை. தொற்று கண்டால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார்கள். கட்சிரோலி மாதிரி ஊர்களில் ஆஸ்பத்திரி எத்தனை தூரம் என்பது வேறு விஷயம். 2014-இல்தான், குறிப்பிட்ட சூழ்நிலைகளில் ஜென்டாமைசின் போட ஏ.என்.எம். செவிலியர்களுக்கு அனுமதி கிடைத்தது. 2018-இல் ஆஷாவின் வருகையைக் குழந்தையின் பதினைந்தாம் மாதம் வரை நீட்டித்தார்கள்.