அறிக்கையின் பின்பக்கத்தில் ஒரு மறுப்பு

இன்னைக்கு எபிசோடுல ஒரு அறிக்கையோட பின்னிணைப்பைப் பத்திப் பேசப் போறேன். ‘பின்னிணைப்பா?’ன்னு ஸ்கிப் பண்ணிடாதீங்க. நம்ம நாடாளுமன்ற வரலாற்றுல சில பெரிய சண்டைகள் அங்கதான் நடந்திருக்கு.

1986 மார்ச்சில் இந்திய அரசு ஸ்வீடனின் போஃபர்ஸ் நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. 400 பீரங்கிகள், மதிப்பு சுமார் 1,437 கோடி ரூபாய். அடுத்த ஆண்டு ஏப்ரலில், இந்த ஒப்பந்தத்துக்காக லஞ்சம் கைமாறியது என்று ஸ்வீடன் வானொலி சொன்னது. இங்கே பெரிய புயல். 1987 ஆகஸ்டில், விசாரிக்க ஒரு நாடாளுமன்றக் கூட்டுக்குழு, அதாவது ஜே.பி.சி., அமைந்தது. தலைவர் காங்கிரஸின் பி. சங்கரானந்த். முக்கிய எதிர்க்கட்சிகள் குழுவைப் புறக்கணித்துவிட்டன. அப்புறம் உள்ளே யார் இருப்பாங்க? ஆளுங்கட்சியும் அதற்கு இணக்கமான கட்சிகளும்தான்.

1988 ஏப்ரலில் அறிக்கை வந்தது. இடைத்தரகர் யாரும் இருந்ததற்கு ஆதாரம் இல்லை, லஞ்சம் கொடுத்ததற்கும் ஆதாரம் இல்லை என்பது அதன் முடிவு. ஆனால் அறிக்கையோடு ஒரு மாற்றுக் கருத்துக் குறிப்பும் சேர்ந்து வந்தது. எழுதியவர் மாநிலங்களவை உறுப்பினர் ஆலடி அருணா, நம்ம நெல்லைச் சீமைக்காரர். அவர் அப்போது இருந்தது அ.தி.மு.க.வில். 1984 தேர்தலில் காங்கிரஸோடு கூட்டணி வைத்து ஜெயித்த அதே கட்சி! எதிர்க்கட்சிகள் இல்லாத குழுவில், எதிர்க்குரல் இப்படி ஓர் இடத்திலிருந்து வந்தது.

அந்தக் குறிப்பால் குழுவின் முடிவு மாறியதா? இல்லை. பெரும்பான்மை சொன்னதுதான் முடிவு. ஆனால் ‘எல்லாரும் ஏகமனதா ஒத்துக்கிட்டாங்க’ன்னு மட்டும் அதுக்கப்புறம் யாராலயும் சொல்ல முடியலை. அதே 1988இல் ‘தி இந்து’ நாளிதழ் போஃபர்ஸ் ஆவணங்களை வெளியிட ஆரம்பித்தது. 1990 ஜனவரியில் சி.பி.ஐ. வழக்குப் பதிவு செய்தது. இன்னொன்றையும் சொல்லணும். 2004இல் டெல்லி உயர் நீதிமன்றம், ராஜீவ் காந்தி மீதான லஞ்சக் குற்றச்சாட்டை ரத்து செய்தது. அதனால், மறுத்து எழுதுகிறவர் சொல்வதெல்லாம் சரி என்று நான் சொல்ல வரலை. கேள்வி இன்னும் முடியவில்லை என்பதை, அறிக்கை வந்த அன்றைக்கே அதற்குள்ளேயே ஒருவர் எழுதி வைத்திருந்தார். அதுதான் முக்கியம்.

சரி, இப்படி எழுத விதி இருக்கா? இருக்கு. மசோதாவை ஆராயும் குழுவில் உள்ள எந்த உறுப்பினரும் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்யலாம் என்கிறது மக்களவை விதி. ஆனால் கூடவே மூன்று நிபந்தனைகள். மொழி நிதானமாக, கண்ணியமாக இருக்கணும். குழுவுக்குள் நடந்த விவாதத்தைக் குறிப்பிடக் கூடாது. குழுவின் மீது களங்கம் கற்பிக்கக் கூடாது. இரண்டாவதை யோசிச்சுப் பாருங்க. குழுக் கூட்டங்கள் மூடிய கதவுக்குள் நடக்கின்றன. ‘என்னைப் பேசவே விடலை’ன்னு ஒரு உறுப்பினர் எழுதினால், அதுவே விதிமீறல் ஆகிவிடலாம்.

சில குழுக்களில் இந்தக் கதவே கிடையாது. அரசின் வரவு செலவைத் தணிக்கை அறிக்கைகளை வைத்துச் சோதிக்கும் பொதுக் கணக்குக் குழுவை எடுத்துக்கோங்க. கட்சி வேறுபாடு பார்க்காமல் ஒருமித்துப் பேசணும் என்பது அங்கே மரபு. அதனால் மாற்றுக் கருத்துக் குறிப்புக்கு இடமில்லை. நல்ல எண்ணம்தான். ஆனால் 2011இல் 2ஜி விவகாரத்தில் என்ன ஆச்சு? தலைவர் முரளி மனோகர் ஜோஷியின் வரைவை, குழுவின் 21 பேரில் 11 பேர் எதிர்த்தார்கள். மறுப்பை எழுதித் தனியாக இணைக்க வழி இல்லாததால், சண்டை மொத்த அறிக்கையின் மீதே திரும்பியது. கடைசியில் மக்களவைத் தலைவர் மீரா குமார் அறிக்கையைத் திருப்பி அனுப்பினார்.

இப்போ சமீபத்துக்கு வருவோம். வக்ஃபு திருத்த மசோதாவை ஆராய்ந்த கூட்டுக்குழுவின் அறிக்கை 2025 பிப்ரவரி 13 அன்று அவைகளுக்கு வந்தது. தாங்கள் எழுதிய மறுப்புகளில் சில பகுதிகள் நீக்கப்பட்டிருக்கின்றன என்று எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கொதித்தார்கள். குழுவின் மீது களங்கம் கற்பிக்கும் பகுதிகளை நீக்கத் தலைவருக்கு அதிகாரம் உண்டு என்றது அரசுத் தரப்பு. அமளிக்குப் பிறகு, உறுப்பினர்களின் ஆட்சேபங்களைச் சேர்த்துக்கொள்வதில் தங்களுக்கு மறுப்பில்லை என்று அமித் ஷா மக்களவையில் சொன்னார். நீக்கப்பட்ட பகுதிகளுக்கான திருத்தம் அன்றைக்கே அவைக்கு வந்தது.

இங்கேதான் என் பிரச்சினை. ‘களங்கம்’ என்ற சொல் ரொம்ப நீளும். ‘விசாரணை சரியா நடக்கலை’ என்பது விமர்சனமா, களங்கமா? தீர்மானிப்பது யார்? மசோதாக் குழு என்றால், மறுப்பில் பொருந்தாத சொற்களை நீக்க உத்தரவிடும் அதிகாரம் மக்களவைத் தலைவருக்கு விதியிலேயே இருக்கிறது. வக்ஃபு அறிக்கையில் அரசுத் தரப்பு சொன்னதோ குழுத் தலைவரின் அதிகாரத்தை. யார் குழுவை நடத்தினாரோ, அவர் நடத்திய விதத்தைப் பற்றிய விமர்சனத்தில் எதை வெட்டுவது என்பதும் அவர் கையில் என்றால், அதை எப்படி ஏத்துக்கிறது? இதில் எந்தக் கட்சி ஆளுங்கட்சி என்பது முக்கியமில்லை. 1988இல் ஆண்ட கட்சி வேறு, 2025இல் ஆண்ட கட்சி வேறு.

பெரும்பான்மைக்கு முடிவெடுக்க உரிமை உண்டு, அதில் சந்தேகமே இல்லை. சிறுபான்மைக்கு இருப்பது ஒண்ணே ஒண்ணுதான்: தான் ஏன் ஒத்துக்கலை என்பதைத் தன் வார்த்தைகளிலேயே விட்டுச் செல்லும் உரிமை. அதனால அடுத்த தடவை ‘குழு பரிந்துரைத்தது’ன்னு ஒரு செய்தி வந்தா, நாடாளுமன்றத் தளத்துக்குப் போய் அந்த அறிக்கையை இறக்கி, பின்னாடியிருந்து படிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.