பாலாடையும் பால்புட்டியும்

இலக்கியக் கட்டுரைகளுக்கென வகுத்த மலரில் பச்சிளங் குழந்தையின் வயிற்றுப் பொருமலுக்கு என்ன இடம் என்று அன்பர்கள் வினவக்கூடும். வினா நேரியதே. ஆயினும் ஓர் இனத்தின் வரலாறு மன்னர்களின் கல்வெட்டோடு முடிந்துவிடுவதில்லை. அடுக்களையிலும் தொட்டிலருகிலும் அதன் பாதி எழுதப்பட்டுள்ளது. சொந்த ஊரை விட்டு இம்மாநகரிற் குடியேறிய நம்மவர் இல்லங்களில், நள்ளிரவில் கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீரிடும் மழலையைத் தோளிற் சாய்த்து உலவாத பெற்றோர் அரியர். அக்குழந்தை புட்டிப்பால் அருந்துவதாயின் மலச்சிக்கலும் உடன் சேர்ந்து கொள்கிறது. இத்துன்பம் வந்த வழி யாது, அதனைத் தணிக்க முன்னோரும் பின்னோரும் மேற்கொண்டவை யாவை, அவற்றுள் இன்று கொள்ளத்தக்கன எவை என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

பாட்டியின் பெட்டி

குழந்தையின் செரியாமையை நம் சித்த மருத்துவர் 'மாந்தம்' என்றனர். குழந்தை மருத்துவத்திற்கெனவே 'பாலவாகடம்' என்னும் நூல் வழக்கிலிருந்தது. ஏட்டறிவு இல்லாத வீட்டிலும் பாட்டியின் பெட்டியில் உரைமருந்து இருந்தது. சுக்கு, கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய், வசம்பு முதலியவற்றை உரைகல்லில் இழைத்துத் தாய்ப்பாலிற் குழைத்து நாவில் தடவுவது வழக்கம். வசம்பைப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே மக்கள் அழைத்தனர். இரவில் அதன் பெயரைச் சொல்லலாகாது என்று கருதிப் 'பேர் சொல்லா மருந்து' எனவும் குறித்தனர். பெருங்காயத்தைக் குழைத்துத் தொப்புளைச் சுற்றிப் பற்றுப் போடுவர். மலம் இறங்காவிடில் வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைப்பர்.

பாட்டியின் கைம்முறையில் மற்றொன்றும் இருந்தது. அதனைப் பலரும் மருந்தென்று எண்ணியதில்லை. குழந்தையை இரு கால்களின்மேற் கிடத்தி வெதுவெதுப்பான நீரால் குளிப்பாட்டுவாள். வயிற்றை இதமாக நீவுவாள். கால்களை மடக்கி நீட்டுவாள். பாலூட்டியபின் தோளிற் சாத்தி முதுகைத் தட்டி ஏப்பம் வரச் செய்வாள். தாயிடம் பால் குறைந்தபோது சங்கினாலோ பாலாடையாலோ ஊட்டுவாள். பாலின்மேற் படரும் ஏட்டுக்கும் பாலாடை என்பது பெயர். ஈண்டு நாம் கூறுவது, ஒருபுறம் குவிந்து மூக்குப் போல் நீண்ட சிறு ஊட்டற் கருவியை. வெள்ளியிற் செய்து தாய்வீட்டுச் சீராக அனுப்பும் வழக்கம் இன்றும் உண்டு. இக்கருவி இவ்வரலாற்றின் இறுதியில் மீண்டும் தோன்றும்.

நாட்டிங்காமிலிருந்து வந்த புட்டி

இங்கிலாந்து நாட்டு நாட்டிங்காம் நகரில் வில்லியம் உட்வர்ட் என்னும் மருந்தாளுநர் 1851-இல் கிரைப் வாட்டரை ஆக்கினார். அந்நாட்டின் சதுப்பு நிலப்பகுதியில் குழந்தைகளுக்குக் கண்ட காய்ச்சலுக்கு மருத்துவர் கொடுத்துவந்த மருந்தே அதற்கு வித்தாயிற்று என்பர். சதகுப்பை இனத்தைச் சேர்ந்த விதையின் எண்ணெய், சோடா உப்பு, சருக்கரை, நீர் ஆகியவற்றோடு சிறிதளவு சாராயமும் அதில் கலந்திருந்தது. 1876-இல் அதன் வணிகச் சின்னம் பதிவாயிற்று. குழந்தைப் பருவத்து ஹெர்க்குலிஸ் பாம்பை நெரிக்கும் காட்சி அச்சின்னம். நம்மவர் கண்ணுக்கோ அது காளியனை அடக்கிய கண்ணனாகவே தோன்றும்!

இந்திய நாட்டில் இம்மருந்தைப் பரப்பியதில் சென்னையில் 1928-இல் தொடங்கிய டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிறுவனத்தின் பங்கு பெரிது. கொள்ளுப்பாட்டி முதல் பேத்தி வரை தலைமுறை தலைமுறையாக அதையே பரிந்துரைப்பதாக வந்த விளம்பரத்தை அறியாத தமிழர் இலர். பாட்டியை ஊரில் விட்டுவிட்டு மாதுங்காவின் ஈரறை வீட்டில் தனித்துக் குழந்தை வளர்த்த இளந்தாய்க்கு, அப்புட்டி பாட்டியின் இடத்தை நிரப்பிற்று. உரைகல் வேண்டாம்; இழைக்கும் நேரம் வேண்டாம்; ஒரு கரண்டி போதும். பெயர்ந்து வந்தோர் வாழ்வில் மருந்துக்கடை பாட்டியாயிற்று.

இனிப்பு நாவிற்பட்டதும் குழந்தை சற்று அடங்குவது உண்மை. அதற்கு மேல் அது வயிற்று வலியைத் தீர்க்கிறது என்பதற்கு உறுதியான மருத்துவச் சான்று இல்லை. கலந்திருந்த சாராயத்தை 1992-இல் பிரிட்டனில் நீக்கினர். வசம்பின் கதையும் இத்தகையதே. அதிலுள்ள அசரோன் என்னும் பொருள் தீங்கு தரவல்லது எனக் கண்டு, 1968-இல் அமெரிக்க நாடு அதனை உணவிற் சேர்க்கத் தடை விதித்தது. நாட்டு மருந்து நல்லது, சீமை மருந்து தீயது என்றோ, அதற்கு மாறாகவோ எளிதிற் பிரித்துவிட இயலாது என்பது இதனாற் புலனாகும்.

டப்பாப் பாலின் வருகை

வயிற்றுப் பொருமல் எக்காலத்தும் இருந்தது. அதனோடு இறுகிய மலமும் பெருவழக்கானது புட்டிப்பால் பரவிய பின்னரே. ரப்பர் முலைக்காம்புக்கு 1845-இல் நியூயார்க்கில் எலைஜா பிராட் என்பவர் உரிமம் பெற்றார். 1860களில் ஜெர்மானிய வேதியியல் அறிஞர் லீபிக் குழந்தை உணவு ஒன்றைச் சமைத்தார். 1867-இல் சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் ஹென்றி நெஸ்லே பாலும் மாவும் சருக்கரையும் கலந்த மாவுணவை விற்கலானார். அக்கால இங்கிலாந்தில் நீண்ட ரப்பர்க் குழாய் பொருத்திய கண்ணாடிப் புட்டிகள் பரவின. குழாயின் உட்புறத்தைக் கழுவ இயலாமையால் குழந்தைகள் மாண்டனர். மக்கள் அவற்றைக் 'கொலைப் புட்டி' என்றே வைதனர்.

நியூசிலாந்தின் ஜோசப் நேதன் நிறுவனம் உலர்த்திய பாலுக்குச் சூட்டிய பெயர் கிளாக்சோ. அக்குழந்தை உணவை இந்தியாவில் விற்பதற்கென்றே 1924-இல் எச்.ஜே. பாஸ்டர் என்னும் பெயரில் ஒரு நிறுவனம் பதிவாயிற்று. பின்னாளில் பம்பாய் வொர்லியில் பெருங் கட்டடம் எழுப்பிய கிளாக்சோவின் தொடக்கம் அதுவே. நாடு விடுதலை பெற்றபின் மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிலையத்தார் எருமைப் பாலினின்றும் குழந்தை உணவு செய்யும் முறையைக் கண்டனர். அமுல் அதனைத் தயாரித்தது. கொழுத்த குழந்தையின் படம் பொறித்த டப்பா நடுத்தர வகுப்பாரின் பெருமைக்குரிய பொருளாயிற்று.

இப்பால் ஏன் மலத்தை இறுக்குகிறது? தாய்ப்பாலின் புரதத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பங்கு எளிதிற் செரிக்கும் மோர்ப் புரதம். பசுவின் பாலிலோ நூற்றுக்கு 80 பங்கு கேசின். அது வயிற்றில் கட்டியாய் உறையும். மேலும், பால்மாவின் கொழுப்பிற் சில கூறுகள் குடலில் சுண்ணாம்புச் சத்தோடு கூடிச் சோப்புப் போல் இறுகுகின்றன. இக்காலப் பால்மாவில் புரத அளவைத் திருத்தியுள்ளனர். எனினும் வேறுபாடு முற்றும் ஒழியவில்லை. புட்டியைச் சாய்த்துப் பிடித்தால் காற்றும் உள்ளே செல்லும், அதுவே பொருமல்.

இவற்றினும் பெரிது கலக்கும் அளவு. தாராவியில் பொதுக்குழாயில் குறித்த நேரத்திற்கு மட்டும் வரும் நீரைப் பிடித்து வைத்து வாழ்ந்த தாய்க்கு, டப்பா விலை கூலியில் பெரும்பகுதியை விழுங்கும். பத்து நாளில் தீரவேண்டிய மாவை இருபது நாளைக்கு நீட்டினால் குழந்தை மெலியும். கொதிக்காத நீரானால் வயிற்றுப்போக்கு வரும். செம்பூரிலும் மாதுங்காவிலும் உள்ள வீட்டிலோ, பிள்ளை கொழுக்கட்டும் என்று கரண்டியைக் குவித்துப் போட்டால் மலம் கல்லாகும். ஒரே டப்பா, இரு வகைத் துன்பம்!

சயானில் பிறந்த மறுமொழி

பால் டப்பா விளம்பரத்தை முதலில் வன்மையாகக் கண்டித்தவருள் ஒருவர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர். தமிழரும் பெருக வாழ்ந்த சிங்கப்பூரில் 1939-இல் நிகழ்த்திய உரைக்கு அவர் 'பாலும் கொலையும்' எனத் தலைப்பிட்டார். உலகம் செவிசாய்க்க நாற்பதாண்டுகள் ஆயின. 1981 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை தாய்ப்பால் மாற்றுப் பொருள்களின் விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. ஆதரவாக 118 நாடுகள். எதிர்த்தது அமெரிக்கா மட்டுமே. இந்தியா 1983-இல் தனக்கென நெறிமுறை வகுத்து, 1992-இல் சட்டமே இயற்றிற்று. 1993 ஆகஸ்டு 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2003-இல் மேலும் வலுப்பெற்றது. பால்மா டப்பாவில் குழந்தையின் படமோ தாயின் படமோ இன்று காணப்படாததற்கும், பால்புட்டிக்கு விளம்பரம் செய்ய இயலாததற்கும் இச்சட்டமே காரணம்.

நம் வாழிடத்திற்கு அணித்தே நிகழ்ந்தது இதனினும் சிறப்புடையது. தாராவியை ஒட்டி நிற்கும் சயான் மாநகராட்சி மருத்துவமனையில் பச்சிளங் குழந்தைகள் பிரிவைப் பேணியவர் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ். குறைமாதத்திற் பிறந்த குழந்தைகளுக்கும் புட்டிப்பால் கூடாது, தாய்ப்பாலே வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். தாய்க்குப் பால் இல்லையெனில்? மற்றத் தாய்மார் மனமுவந்து ஈந்த பாலை 62.5 பாகை வெப்பத்தில் அரைமணி நேரம் காய்ச்சித் தூய்மை செய்து, உறையவைத்துக் காத்து ஊட்டினர். 1989 நவம்பரில் இவ்வாறு தொடங்கிய தாய்ப்பால் வங்கி ஆசியக் கண்டத்திலேயே முதலாவது எனப் போற்றப்படுகிறது. சங்க இலக்கியத்தின் செவிலித்தாய் மாநகராட்சி மருத்துவமனையில் மறுபிறவி எடுத்தாள் எனலாம்.

அத்தகைய குழந்தைக்கு எதனால் ஊட்டுவது? நம் பாலாடை இங்கேதான் மீண்டும் வருகிறது. புட்டியைவிடக் கழுவ எளிது, மறைவிடம் இல்லை, கொதிநீரிற் போட்டெடுத்தால் தூய்மையாகும். ஆகவே இந்திய நாட்டுப் பச்சிளங் குழந்தை மருத்துவர் அதனையே ஏற்றுக்கொண்டனர். ஆங்கில மருத்துவ ஏடுகளிலும் அதற்கு வேறு பெயரில்லை. 'பாலாடை' என்னும் நம் சொல்லே வழங்குகிறது. பாட்டியின் பெட்டியிலிருந்து உலகம் எடுத்துக்கொண்டது மருந்தையன்று, ஊட்டும் முறையை!

இன்று செய்யத் தக்கன

தாய்க்கு நோய், பணி, பிரிவு எனப் பல காரணங்களால் பால்மாவையே நம்பவேண்டிய இல்லங்கள் உண்டு. அத்தாயரைப் பழிப்பது அறமாகாது. அவர்க்கு இவ்வரலாறு கற்பிக்கும் பாடங்களைத் தொகுத்துரைப்போம்.

டப்பாவிற் குறித்த அளவு நீரை முதலில் ஊற்றி, அதனுடன் வந்த கரண்டியால் தலைதட்டி மாவைச் சேர்க்க வேண்டும். கூட்டவும் குறைக்கவும் கூடாது. நீரைக் கொதிக்கவைத்துச் சூடு 70 பாகைக்குக் குறையுமுன் கலந்து, பின்னர் ஆற்றி ஊட்டுக. எஞ்சியதை மறுவேளைக்கு வைக்கலாகாது. குழந்தையின் தலையை உயர்த்திப் பிடித்து ஊட்டுக. புட்டியாயின் காம்பு நிறையப் பால் இருக்குமாறு பிடிக்க வேண்டும். பாலாடையாயின் சிறிது சிறிதாக, விழுங்கிய பின்னரே மறுமுறை சாய்க்க வேண்டும். இடையிலும் முடிவிலும் தோளிற் சாத்தி முதுகைத் தட்டுக. பொருமலுக்குப் பாட்டி செய்த குளியலும், வயிற்றை வலச்சுற்றாக நீவுதலும், சைக்கிள் மிதிப்பது போலக் கால்களை அசைத்தலும் இன்றும் ஏற்புடையனவே.

முகம் சிவக்க முக்கினாலும் மலம் இளகியிருப்பின் அது மலச்சிக்கல் அன்று. முக்கும் கலையைக் குழந்தை பழகுகிறது. உலர்ந்து உருண்டையாய் வெளிவரினே சிக்கல். அப்போதும் தேன், சருக்கரைநீர், வசம்பு, விளக்கெண்ணெய் எதனையும் வாயில் இடலாகாது. தேனிலுள்ள நுண்ணுயிர் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நஞ்சாகலாம். எண்ணெய் நுரையீரலிற் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. வெற்றிலைக் காம்பும் சோப்புத் துண்டும் மென்மையான ஆசனவாயைப் புண்படுத்தும். கடையிற் கேட்டு வாங்கும் வயிற்றுவலிச் சொட்டு மருந்துகளும் மருத்துவர் சொல்லின்றி வேண்டா.

பிறந்து இரண்டு நாளுக்குள் முதல் மலம் போகாமை, பச்சை நிற வாந்தி, மலத்தில் குருதி, வயிறு விம்மி இறுகுதல், காய்ச்சல், பால் மறுத்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவமனைக்கு விரைக. முதல் மாதத்திலேயே மலம் இறுகினும் மருத்துவரைக் காண்பதே முறை.

இறுதியாக ஒன்று. புட்டி நம் இல்லங்களிற் புகுந்ததற்கு அறியாமை ஒன்றே காரணமன்று. தாய்க்கு ஓய்வு இல்லாமையும் காரணம். நான் பணிபுரியும் மத்திய அரசு அலுவலகங்களில் பேறுகால விடுப்பு முன்னர் 90 நாள்; பின்னர் 135; 2008 முதல் 180 நாள். 1961-ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் நிறுவனப் பெண்டிர்க்குத் தந்த 12 வாரம் 2017-இல் 26 வாரமாயிற்று. தாராவியில் வீட்டிலிருந்தே கூலிக்குத் தைப்பவளுக்கும், பிறர் மனையில் பாத்திரம் துலக்குபவளுக்கும் இவ்விடுப்பு நடைமுறையில் எட்டுவதில்லை. அவள் குழந்தையின் வயிற்று வலிக்கு எந்தக் கடையிலும் மருந்து கிடையாது. பிள்ளை பெற்ற மாதங்களில் அத்தகைய தாய்க்கு ஒருவேளைச் சோறும் சிறிது ஓய்வும் கிடைக்க அண்டை வீட்டாரும் நம் சங்கங்களும் வழிசெய்வார்களாயின், அதுவே பாட்டி இல்லாத ஊரில் நாம் தரவல்ல உரைமருந்தாகும்.